என்ன படித்தாய்?

மூன்று மாதங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நம்மிடம் படித்த பெண் ஒருத்தி தன் தகப்பனாருடன் நம் வீட்டுக்கு வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கில் கெட்டிக்காரி. பிறகு ஒரு கல்லூரியில் நான்கு வருஷம் மின் பொறியியல் படித்து முதல் வகுப்பில் தேறியவள். தட்டில் பழமும் வெற்றிலையும் இருந்தன. தகப்பனாரின் முகத்தில் மட்டும் களை இல்லை.

"ஸார், மூன்று கம்பெனிகளுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்துவிட்டாள். மூன்றிலும் வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். மார்க்கில் ஒரு குறையும் இல்லை. ஒன்றரை ஏக்கர் நிலத்தை விற்றுப் படிக்க வைத்தேன். நாலு வருஷம் இவள் என்னதான் படித்தாள் என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

கடைசி வருஷத்து 'புராஜெக்ட்' என்னவென்று கேட்டோம். தொட்டி நிரம்பியதும் கிணற்று மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி என்றாள். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டோம். சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "வெளியிலே பணம் கொடுத்துச் செய்து வாங்கினோம், ஸார். எங்கள் வகுப்பில் எல்லோரும் அப்படித்தான்" என்றாள். அந்தக் கருவிக்கு அவள் பெற்ற மார்க்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு.

அந்தத் தகப்பனாரின் கேள்வி புதியதல்ல. 1880-ஆம் வருஷம் கும்பகோணத்தில் அது ஒருமுறை கேட்கப்பட்டது. அவ்வூருக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காண, கல்லூரித் தமிழ்ப் பண்டிதராயிருந்த சாமிநாதையர் சென்றார். ஐயருக்கு அப்போது வயது இருபத்தைந்து. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரித்தார். அந்தாதிகள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத் தமிழ்கள் என்று ஐயர் பட்டியலை நீட்டினார். முதலியார் அதில் மயங்கவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். பட்டியல் அங்கே நின்றது. ஐயர் சிந்தாமணியை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். 1887-இல் அதைப் பதிப்பித்து உலகுக்கு அளித்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முதலியார் மார்க்குப் போடவில்லை, கேள்வி கேட்டார். கேட்டவர் விஷயம் தெரிந்தவர். பதில் சொன்னவருக்கோ அடுத்த அடியை எங்கே வைக்க வேண்டுமென்பது விளங்கிற்று. மாணவன் கற்றதை அளப்பதன் பிரயோசனம் இதுவே அன்றி வேறில்லை.

நம் கல்லூரிகளில் இந்த அளவை எப்படி நடந்து வந்திருக்கிறது? 1857-இல் சென்னைச் சர்வகலாசாலை லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டு தோன்றிற்று. பாடம் சொல்வது கல்லூரிகளின் வேலை. பரீட்சை வைத்துப் பட்டம் அளிப்பது சர்வகலாசாலையின் வேலை. தன் களத்து நெல்லைத் தானே அளந்து பெருமை பேசாதிருக்க இந்த ஏற்பாடு உதவியது. ஆனால், பரீட்சையில் வராத விஷயம் பாடத்திலும் வராது என்ற விபரீதமும் கூடவே வந்து சேர்ந்தது. சுதந்திரம் வந்தபின், டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-இல் அமைந்த கமிஷன், சர்வகலாசாலைக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் சொல்லலாமென்றால் அது பரீட்சைச் சீர்திருத்தமே என்று அபிப்பிராயம் தெரிவித்தது.

அந்த வியாதிக்கு இப்போது கொடுக்கப்படும் மருந்துக்குக் 'கற்றல் விளைவு' என்று பெயர். ஆசிரியர் எதைச் சொன்னார் என்று பாராமல், படித்து முடித்த மாணவனால் எதைச் செய்ய முடிகிறது என்று பார்ப்பது இதன் தத்துவம். அமெரிக்காவில் பெஞ்சமின் புளூமும் அவருடைய சகாக்களும் 1956-இல் கல்வியின் நோக்கங்களை ஆறு படிகளாக வகுத்தார்கள். நினைவில் வைத்தல் அடிப்படி. விளங்கிக்கொள்ளல், பிரயோகித்தல், பகுத்தாராய்தல் முதலியன அதற்கு மேலே. 2001-இல் அதைத் திருத்தியவர்கள் புதிதாகப் படைத்தலை உச்சிப்படியில் வைத்தார்கள். நம் தேசத்தில் 'நாக்' என்னும் மதிப்பீட்டுச் சபையும், தொழிற்கல்விக்கான தேசியத் தரச்சான்று வாரியமும் 1994-இல் ஏற்பட்டன. பொறியியற் படிப்புக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-இல் முழு உறுப்பினராகச் சேர்ந்தது. அதன் பின்னர் இந்த 'விளைவு' என்ற சொல் கல்லூரிகளில் ஒலிக்காத நாளில்லை.

தத்துவம் உயர்ந்ததே. நடைமுறை எப்படி? கல்லூரி ஆசிரியரான நண்பர் ஒருவர் தம் கோப்பை நமக்குக் காட்டினார். ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு விளைவுகள். ஒவ்வொரு பரீட்சைக் கேள்வியின் பக்கத்திலும் அது எந்த விளைவைச் சேர்ந்தது என்று ஒரு குறி. குறிப்பிட்ட மார்க்கை வகுப்பில் இத்தனை சதவீதம் பேர் எட்டினால் அந்த விளைவு கைகூடியதாகக் கணக்கு. எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி வகுத்தால், மூன்றுக்கு 2.47 என்று விடை வருகிறது!

"இந்தப் புள்ளி நாலு ஏழு எந்தப் பிள்ளையின் மூளையில் இருக்கிறது?" என்று கேட்டோம்.

நண்பர் சிரித்தார். பிறகு சிரிப்பு மறைந்தது. "இரவு பதினொரு மணி வரை இந்தக் கட்டங்களை நிரப்புகிறேன். அந்த நேரத்தில் பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துப் பேசியிருக்கலாம்" என்றார்.

கோளாறு இங்கேதான் இருக்கிறது. கேள்விகள் பழைய கேள்விகள். விடைகள் நெட்டுருப் போட்ட விடைகள். அந்த மார்க்கையே எடுத்துப் புதுக் கட்டங்களில் போட்டிருக்கிறார்கள். மரக்காலுக்குப் புதுப் பூண் கட்டிவிட்டால் பதர் நெல்லாகிவிடுமா?

உண்மையாக அளக்க முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆரம், ஜோசிபா ரோக்ஸா என்ற இருவர், 24 கல்லூரிகளைச் சேர்ந்த 2,300-க்கு மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 2011-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். சில கடிதங்களையும் அறிக்கைகளையும் கையில் கொடுத்து, அவற்றை ஆராய்ந்து ஒரு முடிவு சொல்லி, காரணத்துடன் எழுதச் சொல்வது சோதனை. கல்லூரியில் சேர்ந்த 2005-இல் ஒருமுறை, 2007-இல் மறுமுறை. அந்த இரண்டு வருஷத்தில் 45 சதவீதம் பேரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. மார்க்கில் சேராத சோதனையை மாணவர்கள் சிரத்தையாக எழுதியிருப்பார்களா என்று ஆட்சேபம் கிளம்பிற்று. அது நியாயமான ஆட்சேபமே. எனினும் அவர்கள் செய்ததில் நாம் ஏற்க வேண்டியது ஒன்றுண்டு. வந்தபோது என்ன கொண்டு வந்தான் என்று பார்த்தால்தான், போகும்போது என்ன கொண்டு போகிறான் என்று சொல்ல முடியும். நம் பரீட்சைகளோ கடைசி நாளில் மட்டுமே கண் விழிக்கின்றன.

ஆகவே கல்லூரிகளை நடத்துவோருக்கு மூன்று விண்ணப்பங்கள். முதல் நாளே மாணவனைச் சோதியுங்கள். அதற்கு மார்க்கு வேண்டாம். அவன் செய்த வேலையை எதிரில் வைத்துக்கொண்டு, ஏன், எப்படி என்று வாயால் கேளுங்கள். விலைக்கு வாங்கிய கருவி ஐந்து நிமிஷத்தில் வெளிப்பட்டுவிடும். மூன்றாவதாக, கண்ட குறையை அடுத்த வருஷத்துப் பாடத்தில் திருத்துங்கள். திருத்தாத அளவை வெறும் காகிதச் செலவு.

பிறரைச் சொல்லும்போது நம்மை மறந்துவிடக் கூடாது. 'முக்கியமான கேள்விகள்' என்று இருபது கேள்விகளுக்கு விடை எழுதிப் போட்டு, அந்தப் பெண்ணை மனப்பாடம் செய்ய வைத்தவர்கள் நாமேதான். அவள் கல்லூரியில் கையாண்ட வித்தையின் முதற் பாடம் நம் வகுப்பிலே நடந்தது.

பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசானிடம் செவ்வையாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் படிப்போருடன் பழகுவதால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதே நிரம்பும். இதை நினைத்து, சனிக்கிழமைகளில் நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்சாரப் பாடம் எடுக்கும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னோம். தயங்கித்தான் ஒப்புக்கொண்டாள்.

முதல் வகுப்பிலேயே ஒரு பையன் எழுந்து, "அக்கா, மின்சாரம் பல்பை எரித்துவிட்டுப் போகிறதே, அந்தப் பக்கம் கொஞ்சம் குறைந்து போகாதா?" என்றான். குறையாது என்று அவளுக்குத் தெரியும். ஏன் என்று சொல்ல வரவில்லை. கண்கள் கலங்கின. ஆயினும் மறு சனிக்கிழமை இரண்டு அம்மீட்டர்களுடன் வந்தாள். பல்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மாட்டிக் காட்டினாள். இரண்டு முள்ளும் ஒரே எண்ணில் நின்றன. செலவாவது சக்தியே, ஓட்டம் குறைவதில்லை என்று நிதானமாக விளக்கினாள். பையனுக்கு விளங்கிற்று. அவளுக்கும் அன்றுதான் விளங்கிற்று என்று பிறகு நம்மிடம் சொன்னாள்.

அவளுக்கு வேலை இன்னும் கிடைக்கவில்லை. விற்ற நிலமும் திரும்பப்போவதில்லை. ஆனால் இப்போது தனக்கு எது தெரியும், எது தெரியாது என்று அவளுக்குத் தெரிகிறது. தொட்டிக் கருவியைத் தன் கையாலேயே செய்து கொண்டிருக்கிறாள்.

கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் நேயர்களே! விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் எத்தனை மார்க்கு என்று கேட்கும் வழக்கத்தைச் சற்று நிறுத்தி வையுங்கள். என்ன படித்தாய், எனக்குச் சொல் என்று கேளுங்கள். கேட்டதும் எழுந்து போய்விடாமல், அவன் சொல்லி முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். நிலத்தை விற்பதற்கு முன்பே இதைச் செய்வது நலம்.