மீனுக்கு எதுக்குங்க மேக்கப்?

நம்ம மக்கள் போடுற கலர் மீன் படங்களைப் பார்த்தா ஒரே சந்தேகமா இருக்கு. இது மீனா, இல்ல தீபாவளி மத்தாப்பா? நியான் டெட்ராவோட நீலக்கோடு டியூப்லைட் மாதிரி எரியுது. கப்பி வால்ல இருக்குற சிவப்பு வழிஞ்சு தண்ணிக்கே சாயம் ஏறிக்கிடக்குது. கேட்டா, "போட்டோஷாப்ல சாச்சுரேஷனைக் கொஞ்சமா ஏத்தினேன்"னு பதில் வருது. கொஞ்சமாம்!

அட, படத்துல தானே கலர் ஏத்துறோம், இதுல என்னய்யா குத்தம்னு கேப்பீங்க. சொல்றேன்.

நம்ம நாட்டு ஆறு, குளங்கள்ல கண்ணாடி மீன்னு ஒரு சின்ன மீன் உண்டு. உடம்பு அப்படியே ஊடுருவித் தெரியும், நடுமுள்ளை எண்ணிடலாம். அவ்வளவு அழகு. ஆனா வியாபாரிக்கு அது பத்தல. ஊசியால உடம்புக்குள்ள சாயத்தைக் குத்தி, பச்சையும் ரோஸும் ஆக்கி வித்தாங்க. கொஞ்ச மாசத்துல சாயம் மங்கிடும். மீனுக்கு மிச்சம் புண்ணும் நோயும்தான். இங்கிலாந்துல 'பிராக்டிகல் ஃபிஷ்கீப்பிங்' பத்திரிகை 1990களிலேயே இதை எதிர்த்துப் பிரச்சாரம் நடத்துச்சு. வாங்க ஆள் இருக்குற வரைக்கும் ஊசி நிக்காது. மத்தாப்பு மீனையே பார்த்துப் பழகின கண்ணுக்கு நிஜ மீன் சப்புன்னுதான் இருக்கும். அந்தக் கண்ணைப் பழக்குறது யாரு? நாமதான்.

"ஃபிலிம் காலத்துல இருட்டறையில மாத்தலையா?"ன்னு சிலர் வருவாங்க. மாத்துங்க, யாரு வேணாம்னா? லைட்டால படம் முழுக்கப் பச்சையடிச்சா ஒயிட் பேலன்ஸைச் சரி பண்ணுங்க. கண்ணு பார்த்ததைத் திரும்பக் கொண்டு வர்றது அது. கண்ணு பார்க்காததைப் பூசுறது வேற.

உண்மையில கலர் வரலைன்னா கோளாறு தொட்டியில இருக்கு, இல்லைன்னா லைட்ல இருக்கு. நியானோட நீலம் சாயமே இல்லீங்க. தோல் செல்லுக்குள்ள இருக்குற நுண்ணிய படிகங்கள்ல வெளிச்சம் பட்டுத் திரும்புறதால வர்றது. அதனால வெளிச்சம் வர்ற கோணம் மாறினா கலரும் மாறும். கேமரா ஃப்ளாஷை நேரா அடிச்சா கண்ணாடியில வெள்ளைப் பொட்டுதான் விழும். தொட்டிக்கு மேல இருந்து நல்ல வெளிச்சம் கொடுத்து, ரூம் லைட்டை அணைச்சுப் பாருங்க. அடுத்தது, மிரண்ட மீன் வெளுத்துப்போகும். கண்ணாடியைத் தட்டித் தட்டி "இங்க பாருடா"ன்னா எங்கேருந்து வரும் கலர்?

எங்க வேங்கிக்கால் வீட்டு போர் தண்ணி பட்டுக் காஞ்சா கண்ணாடியில வெள்ளை வெள்ளையாத் திட்டு நிக்கும். வெளிப்பக்கம் வினிகர் தொட்டுத் துடைச்சாப் போதும். உள்பக்கப் பாசியை முந்தின நாளே சுரண்டிட்டுக் கொஞ்சம் தண்ணி மாத்திடுங்க, தூசி அடங்கிடும். பின்னால ஒரு கருப்பு சார்ட் பேப்பர். லென்ஸைக் கண்ணாடிக்கு நேரா, ஒட்டினாப்புல வைங்க. சாய்ச்சா உருவம் கலங்கும். ஷட்டர் 1/125க்குக் கீழ போகவேணாம். ஃபோகஸ் மீனோட கண்ணுல. அப்புறம் உக்காந்து காத்திருங்க. மொபைலா இருந்தாலும் இதேதான்.

இன்னொரு கூத்து ஃபைட்டர் மீன். செவுள் விரிச்ச போஸ் வேணும்னு ரெண்டு ஆண் மீனை எதிரெதிரா விடுறது, இல்லைன்னா மணிக்கணக்கா கண்ணாடி காட்டுறது. உங்க ஒரு படத்துக்கு அது உசுரக் குடுத்து முறைச்சுக்கிட்டு நிக்கணுமா?

கார்த்திகை தீபத்தன்னிக்கு எங்க ஊர் மலையை எத்தனையோ பேர் படம் எடுக்குறாங்க. தீபம் சின்னதாத் தெரியுதுன்னு யாராவது பக்கத்துல இன்னொண்ணு வரைஞ்சு வைக்கிறாங்களா? மீனுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கப்பா. சண்டைக்கு வர்றவங்க வாங்க. ஆனா வரும்போது கலர் ஏத்தாத ஒரிஜினல் படத்தையும் கூடவே எடுத்துட்டு வாங்க, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பேசலாம்.