கரிம வரி: சுமை யார் தோளில்?

திருப்பதி மாவட்டத்தில், 2022 வரை சித்தூர் மாவட்டத்துடன் இருந்த ஸ்ரீகாளஹஸ்தி அருகே, ராச்சகுன்னேரி ஆலையில் கோக் கரி எரியும் ஊதுலை இரும்பிலிருந்து குழாய்கள் உருவாகின்றன. இத்தகைய இரும்புப் பொருள்கள் மீது ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி 1 முதல் எல்லைக் கரிம வரியை நடைமுறைப்படுத்தி வருகிறது. உற்பத்தியில் வெளியான கரிமத்தின் அளவுக்கேற்ப இறக்குமதியாளர் சான்றிதழ் வாங்க வேண்டும். அச்செலவை அவர் கொள்முதல் விலையில் கழிப்பார். முதலாளித்துவம் அதைத் தொழிலாளியின் கூலியில் கழிக்க முனையும்.

புவி வெப்பமாதலைத் தடுப்பதில் இடதுசாரிகளுக்கு இரு கருத்தில்லை. ஊதுலைப் புகையை முதலில் சுவாசிப்பவர் தொழிலாளியே. ஆயின், வளர்ந்த நாடுகளுக்குத் தனிப்பொறுப்பு உண்டு என்பதையும், சுற்றுச்சூழல் நடவடிக்கை மறைமுக வணிகத் தடையாகக் கூடாது என்பதையும் 1992 ரியோ பிரகடனம் ஏற்றது. இவ்வரியோ ஐரோப்பியக் கருவூலத்தையே நிரப்பும். ஏழை நாட்டு உலைகளைத் தூய்மையாக்க அதில் ஒதுக்கீடு இல்லை.

எனினும் எதிர்ப்புக் குரல் மட்டும் போதாது. உற்பத்தி நாட்டில் செலுத்திய கரிம விலை கழித்துக்கொள்ளப்படும் என்று அவ்விதியே கூறுகிறது. அவ்விலையை இந்திய அரசு முதலாளிகளின் இலாபத்திலிருந்து இங்கேயே வசூலித்து, உலைகளைப் புதுப்பிக்கவும் வேலைகளைப் பாதுகாக்கவும் செலவிட வேண்டும். இக்கோரிக்கை ஆலை வாயில்களில் முழங்கட்டும்.