பொறிக்கு ஆங்கிலம் தெரியுமா?

கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி 1964 சனவரி 25ஆம் நாள் திருச்சித் தொடர்வண்டி நிலையத்தின் முன் தம் உடலுக்குத் தீயிட்டு மொழிக்காக உயிர் ஈந்தார். அவர்தம் ஊர் இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. அம்மண்ணிலும் அண்டையிலுள்ள பெரம்பலூரிலும் தமிழ்வழிப் பயின்று கல்லூரி புகும் பிள்ளைகளின் காதில் ஓதப்படுவது யாது? “கணிப்பொறிக்கு ஆங்கிலமே தெரியும்” என்பதே!

இக்கூற்றின் பொய்ம்மையைப் பழைய கணிப்பொறி ஒன்றே காட்டிக்கொடுக்கும். அதன் பலகையில் ஆங்கில ‘ஏ’ பொறித்த விசையை அழுத்துக. உள்ளே செல்வது எழுத்தன்று. 30 என்னும் எண். விரலை எடுத்தால் 158. அவ்வெண் ஆங்கில எழுத்தா, தமிழ் அகரமா என முடிவு செய்வது நிரலே. 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசையமைப்பில் அவ்விசை அகரத்திற்கே உரியது. பொறிக்கு எம்மொழியும் இல்லை. எழுதுவோன் மொழியே பொறியின் மொழி.

விசைப்பலகை, அச்சுப்பொறி முதலிய கருவிகளைக் கணிப்பொறியோடு பிணைக்கும் நிரலே இயக்கி. அதனைப் பொறியை ஒட்டிய கீழ்நிலை மொழியில் மட்டுமே எழுதவியலும், உயர்நிலை மொழி விரைவைக் கெடுக்கும் என்று ஒருகால் அறிந்தோரே கூறினர். நினைவகம் சுருங்கியிருந்த நாளில் அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஆயினும் தெனிசு ரிட்சி உருவாக்கிய ‘சி’ மொழியில், 1973இல், யூனிக்சு இயங்குதளம் சிறு பகுதி நீங்கலாகத் திருப்பி எழுதப்பட்டது. இயக்கிகளும் அம்மொழிக்கு மாறின. ஒரு பொறியோடு கட்டுண்டு கிடந்த நிரல் பல பொறிகளுக்குப் பெயர்ந்தது. ‘முடியாது’ என்ற சொல் அன்றே தோற்றது.

‘தமிழால் முடியாது’ என்பதும் அதன் உடன்பிறப்பே. 1989இல் வரையறுக்கப்பட்ட ‘சி’ மொழியின் ஒதுக்கப்பட்ட சொற்கள் வெறும் 32. ஒரு சொல்லுக்கு மறுசொல் வகுக்கும் ஏற்பாடு அம்மொழியிலேயே உண்டு. 2020இல் வெளிவந்த குனூ தொகுப்பியின் 10ஆம் பதிப்பு தமிழெழுத்தாலான பெயர்களை நேரே ஏற்கின்றது. எனவே 32 தமிழ்ச் சொற்களை ஒரு தாளில் வகுத்துக்கொண்டால் தமிழிலேயே இயக்கி எழுதிப் பழகலாம்.

எனினும் சொல்மாற்றம் மட்டுமே வெற்றியாகாது. குறுக்கீடு யாது, பதிவகம் யாது, இரண்டும் எங்ஙனம் இயங்கும் என விளக்கும் தமிழ் நூல் வேண்டும். கலைச்சொற் பட்டியலை அடுக்கிவிட்டு ஓய்ந்திருப்பது நம்மவர் குறையே. அதனை மாற்றான்மேல் ஏற்றுதல் அறமன்று.

பெரம்பலூர், அரியலூர்க் கல்லூரிகளில் கழிக்கப்படும் பழங்கணிப்பொறிகளை எடைக்குப் போடற்க! பழுதானாலும் இழப்பில்லாத அவையே கற்பதற்கு ஏற்றவை. ஊர்தோறும் தமிழ்மன்றத்தார் அவற்றுள் ஒன்றைக் கேட்டுப் பெறுக. முதற்பாடம் ஒன்றே போதும்: 30 என்னும் எண்ணை அகரமாக்குக!

உயிரை ஈந்தவன் மண்ணில் உழைப்பை ஈதல் அரிதோ?