நடுச்சாமத்து விழிப்பும் மக்னீசியக் குளிசையும்

நாற்பதைக் கடந்த ஆசிரியர் நால்வர் ஓய்வறையிற் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினும் நித்திரையிலேயே வந்து முடிகின்றது. "இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகின்றது, பின்பு விடியுமட்டும் கண்மூட முடிவதில்லை" என்று ஒருவர் முறையிட, மற்றை மூவரும் தலையசைக்கின்றனர். அம்மூவருள் நாமும் ஒருவர். சென்ற தவணையில் நண்பரொருவர், கனடாவிலிருந்து மகள் அனுப்பிய மக்னீசியக் குளிசைப் போத்தலொன்றைக் காட்டி, "மாஸ்ரர், இரவுச் சாப்பாட்டின் பின் ஒன்று போடுங்கள்; பிறகு சேவல் கூவித்தான் எழும்புவீர்கள்" என்றார். நாமும் மருந்துக்கடையிலே ஒன்று வாங்கினோம்.

மக்னீசியம் நமக்குப் புதிதன்று. மலச்சிக்கலுக்கு வீடுகளில் வாங்கி வைத்த "மில்க் ஒவ் மக்னீசியா"வும், பேதியுப்பாகிய எப்சம் உப்பும் அதன் சேர்வைகளே. 1808இல் ஹம்பிறி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி இவ்வுலோகத்தைத் தனியே பிரித்தெடுத்தார். வளர்ந்தவர் உடலில் இது ஏறத்தாழ 25 கிராம் உண்டு. பாதிக்கு மேற்பட்டது எலும்பிலே தங்க, இரத்தநீரில் ஓடுவது நூற்றிலொரு பங்கிலும் குறைவு. தசை தளர்வதற்கும் நரம்பு அடங்குவதற்கும் இது வேண்டும். ஆதலின் நித்திரைக்கும் உதவும் என்பது பொருத்தமான ஊகமே. ஊகம் வேறு, நிரூபணம் வேறு என்று மாணவர்க்கு நாடோறும் சொல்லும் நாம், போத்தலின் மேலிருந்த பிறைச்சந்திரனைக் கண்டவுடன் அதனை மறந்துவிட்டோம்.

நிரூபணம் எவ்வளவு? 2012இல் ஈரானிலே நித்திரைக் குறைவுடைய முதியோர் 46 பேரிடம், நாளொன்றுக்கு 500 மில்லிகிராமாக எட்டு வாரம் சோதித்தபோது பயன் தெரிந்தது. அதனையும் சேர்த்து மூன்று சோதனைகளை, மொத்தம் 151 பேரை, 2021இல் ஒருங்கே ஆராய்ந்தவர்கள், வெறுங்குளிசை உண்டவரிலும் பார்க்க மக்னீசியம் உண்டவர் ஏறத்தாழ 17 நிமிடம் முந்தி உறங்கினர் என்றும், எனினும் இச்சான்று உறுதி குறைந்தது என்றும் எழுதினர். புரண்டு படுப்பவனுக்குப் பதினேழு நிமிடம் அற்பமன்று. ஆயினும் சோதிக்கப்பட்டவர் முதியோர். நம் போன்ற நடுவயதினர் அல்லர்.

நம் சோதனையோ மூன்றே இரவில் முடிந்தது. நாம் வாங்கியது மக்னீசியம் ஒட்சைட்டு. அது குடலில் நன்கு உறிஞ்சப்படாது, நீரை இழுத்து வயிற்றை இளக்கும். நித்திரை வந்ததோ இல்லையோ, விடியற்காலையில் எழும்ப வேண்டியதாயிற்று.

இதுவரை நகைப்புக்குரியது. அப்பால் நடந்தது அவ்வாறன்று. ஐம்பத்தெட்டு வயதினரும் நெடுநாட் சலரோகியுமான நம் தமையனார், மிஞ்சிய போத்தலைத் தாம் கொண்டுபோவதாகக் கேட்டார். நாமும் மகிழ்ந்து கொடுத்தோம். நல்வினையாக மறுநாள் அவருக்குக் கிளினிக் நாள். டாக்டர் போத்தலையும் இரத்தப் பரிசோதனைத் துண்டையும் மாறிமாறிப் பார்த்து, "இதில் ஒன்றும் தொடக்கூடாது" என்றாராம். மிகுதியான மக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தவர்க்கு இவ்வுப்பு இரத்தத்திலே சேர்ந்து, அமுக்கம் தாழ்ந்து, இதயத்துடிப்பும் குழம்பக்கூடும். தம் சிறுநீரகம் தளர்ந்திருப்பதை அண்ணர் அன்றுதான் அறிந்தார். சலரோகம் மலிந்ததும், அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கங்களில் 1990களிலிருந்து சிறுநீரக நோய் பரவியதுமான நம் நாட்டிலே, அவ்வாறு அறியாதிருப்போர் எத்தனை பேரோ! தைரொயிட்டுக் குளிசை, சில கிருமிகொல்லி மருந்துகள் ஆகியவற்றோடு ஒரே வேளையில் விழுங்கினால் அம்மருந்துகளின் வலுவும் குறையும்.

ஆணுக்கு நாளொன்றுக்கு 420, பெண்ணுக்கு 320 மில்லிகிராம் வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. எள்ளு நூறு கிராமில் ஏறத்தாழ 350 உண்டு. கச்சானில் அதிற் பாதியளவு. குரக்கன், பயறு, கீரை எல்லாவற்றிலும் உண்டு. அரிசியிலும் உண்டு, ஆனால் ஆலையிலே வெள்ளைவெளேரெனத் தீட்டும்போது பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகின்றது. தவிட்டைக் கோழிக்குப் போட்டுவிட்டு, குளிசையைக் காசு கொடுத்து வாங்குகின்றோம்.

பின்னர் நாமும் அதே டாக்டரிடம் போனோம். அவர் கேட்டவை இரண்டே கேள்விகள். கடைசித் தேநீர் எத்தனை மணிக்கு என்பது ஒன்று. விடைத்தாள் திருத்தும் இரவுகளில் ஒன்பதரைக்கு என்று ஒப்புக்கொண்டோம். குறட்டை விடுவதுண்டா என்பது மற்றையது. "இல்லை" என்று நாம் சொல்லி முடிக்குமுன், உடன்வந்த நம் இல்லாள் அதற்கு நீண்ட விடை அளித்தார். நித்திரையில் மூச்சுத் தடைப்படுகின்றதா என்று பார்க்க வரும் வாரம் நாள் குறித்திருக்கின்றார்கள்.