பட்டாவில் இல்லாதவர்களின் வம்சாவளி

கும்மிடிப்பூண்டிக்காரர் ஒருவர் தன் முன்னோரைத் தேடி இணையத்தில் ‘திருவள்ளூர் மாவட்டம்’ என்று தட்டினால், பழைய ஆவணம் எதுவும் எளிதில் அகப்படாது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்து இந்த மாவட்டத்தை உண்டாக்கியதே 1997இல்தான். வெள்ளைக்காரன் காலத்தில் கும்மிடிப்பூண்டி, செங்கல்பட்டு ஜில்லா பொன்னேரி தாலுகாவுக்குள் இருந்தது. திருத்தணிக்காரருக்கு இன்னும் சுற்று வழி: 1960 ஏப்ரல் வரை சித்தூர் ஜில்லா, 1911க்கு முன் வட ஆற்காடு. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் காகிதங்கள் மட்டும் பல கச்சேரிகளுக்குக் குடிபெயர்ந்திருக்கின்றன. தேடுகிறவர் முதலில் கேட்கவேண்டியது, தாத்தா பிறந்தபோது ஊர் எந்த ஜில்லாவில் இருந்தது என்பதை.

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது: யாருடைய தாத்தா?

பரம்பரை நில உரிமை கொண்ட மிராசுக் குடும்பங்களுக்குச் சிக்கலில்லை. வருவாய்க் கணக்குகள் அவர்களைப் பெயர் சொல்லியே குறித்தன. அவர்களுடைய உரிமைகளைப் பற்றி 1818இல் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் நூலே வெளியிட்டார். 1879இல் வந்த குரோலின் செங்கல்பட்டு மாவட்டக் கையேடு இன்று இணையத்தில் இலவசம். மற்றவர்கள்? 1767 முதல் 1774 வரை ஆங்கிலேயப் பொறியாளர் பர்னார்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் செங்கல்பட்டு ஜாகீரில் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். அந்தக் கணக்கைச் சேர்ந்த ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. எத்தனை வீடு, எவ்வளவு நிலம், களத்து மேட்டில் யாருக்கு எவ்வளவு நெல் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. வண்ணாருக்கும் நாவிதருக்கும் வெட்டியானுக்கும் பங்கு எழுதியிருக்கிறது. தொழில் தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

இப்படிப் பெயரில்லாமல் போனவர்களுக்குக் குடும்ப வரலாறு வெறும் ஆசை அல்ல. அலுவலகத்தில் கேட்கப்படும் அத்தாட்சி. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீண்ட இருளர் பிள்ளைக்குச் சாதிச் சான்று வேண்டுமென்றால், அப்பா அம்மாவின் சான்றைக் கேட்கிறார்கள். பஞ்சமி நிலத்தின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் தன் ஜில்லாவின் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30ஆம் தேதி, அவர்களுக்கு நிலம் ஒப்படைக்க அரசாணை வந்தது. ஒப்படைத்த நிலத்தைப் பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் வந்தது. அரசின் இணையதளத்தில் பட்டாவைப் பார்த்தால் இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். கொள்ளுத்தாத்தா பெயர் இருந்தால், அது பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில்தான் இருக்கும். அதையும், 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திட்டத்தின் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு வம்சாவளியும் கிடைக்கும், வழக்கும் கிடைக்கும்.

முரணாக, ஊரைவிட்டுப் போன ஏழையின் பெயர் கடல் கடந்த ஊரில் பத்திரமாக இருக்கிறது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் எல்லாம் உண்டு. எழுத்தர்கள் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவை. ஆகவே ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். பேரன் பேத்திகள் டர்பனிலிருந்து அந்தத் தாளோடு இங்கே வருகிறார்கள். ஊரில் தங்கிவிட்ட அண்ணன் தம்பியின் பிள்ளைகளிடம் காட்ட அப்படி ஒரு தாள் இல்லை.

கும்மிடிப்பூண்டியிலுள்ள இலங்கைத் தமிழ் ஏதிலியர் முகாமின் கதை வேறு. 1990இலிருந்து இருக்கும் அந்த முகாமிலேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேட வேண்டிய யாழ்ப்பாண நூலகம் 1981இல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. ஆனால் 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்தில் ஊர் மலர்களும் பள்ளி மலர்களும் இருக்கின்றன. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகங்களும் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றில் குடும்பத்தின் வம்சாவளியே அச்சாகியிருக்கும். எரித்த பிறகும் ஒரு சமூகம் வீடு வீடாகத் திரட்டிக் கட்டிய நூலகம் அது. எதுவும் எரியாத நம் ஊரில் நாம் என்ன திரட்டியிருக்கிறோம்?

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது. உள்ளாட்சிகள் வசூலிக்கும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வருகிறது. மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் நாம் கேட்பது மூன்று. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, திருத்தணிக் கிளை நூலகங்களில் ஊர் வரலாற்றுக்கென்று ஓர் அலமாரி. பழைய செட்டில்மெண்ட் பதிவேடுகளின் நகல், கையெழுத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆள். வீட்டுப் பெட்டியில் மக்கும் கிரயப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, பள்ளி மாற்றுச் சான்று ஆகியவற்றைப் படமெடுத்துக்கொண்டு, மூலத்தை அன்றே திருப்பித் தரும் ஏற்பாடு. சாதிப் பெருமை பேச அல்ல, சான்று கேட்கப்படும் இடத்தில் எடுத்து நீட்டுவதற்கு.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது சர்வே எண் வாரியாக, மரம் வாரியாகக் கணக்கெடுக்க அரசுக்குத் தெரிந்திருந்தது. அந்த மண்ணில் உழைத்தவர்களின் பெயரைத் தேடி எடுத்துக் கிளை நூலகத்தில் வைப்பது அதைவிடச் சின்ன வேலை.