மாருதி 800 ஒரு டப்பா வண்டியா?

கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், மன்னிக்கவும்.

போன வாரம் வகுப்பில், எங்க அப்பா கார் வாங்கப் போறார்னு சொன்னேன். என்ன காருன்னு கேட்டாங்க. மாருதி 800ன்னு சொன்னதும் கடைசி பெஞ்சு வரைக்கும் ஒரே சிரிப்பு. "அது காரா, தீப்பெட்டி"ன்னு ஒருத்தி. "தள்ளு மாடல்"னு இன்னொருத்தன். அன்னைக்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஆனால் எழுத உட்கார்ந்த பிறகு யோசித்துப் பார்த்தால், சிரித்தவர்கள் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

அந்த வண்டி எங்க மாமாவுடையது. மாமா மேற்கு மாம்பலத்தில், ஆரிய கவுடா ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் சின்ன மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். பரீட்சை லீவு விட்டால் நான் அங்கேதான். அத்தை சமையல் செய்யும்போது நான் ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருப்பேன். "பொம்பளப் புள்ள கையெல்லாம் கிரீஸ் ஆக்கிக்கிட்டு"ன்னு ஆயா திட்டும். எத்தனாம் நம்பர் ஸ்பேனர்னு மாமா கேட்கிறதுக்கு முன்னாடியே எடுத்து நீட்டுவேன், அவ்வளவு பழக்கம்.

முதலில் வண்டியோட கதை. 1983 டிசம்பர் 14ஆம் தேதியன்று முதல் மாருதி 800இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். வாங்கியவர் ஹர்பால் சிங். அதுவரைக்கும் நம்ம நாட்டில் கார் என்றால் அம்பாசடர், இல்லாவிட்டால் பத்மினி. நம்ம வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஒரு கார் செய்திருக்கிறார்கள், அது மாமா சொல்லித்தான் எனக்கே தெரியும். அம்பாசடர் ஆயிரம் கிலோவுக்கு மேலே. மாருதி சுமார் 650 கிலோதான். ஜப்பானின் சுசுகி கம்பெனி வடிவமைத்தது. 796 சி.சி., மூணே மூணு சிலிண்டர். 1986இல் உருவம் மாறியது, நாம் ரோட்டில் பார்ப்பது அந்த உருவம்தான். 2014 ஜனவரி 18ஆம் தேதி தயாரிப்பை நிறுத்தினார்கள். அதுக்கு முன்னாடியே, 2010லேயே, புகை விதி மாறினதால் சென்னையில் புது வண்டி விற்பது நின்று போனது. மொத்தம் 25 லட்சத்துக்கு மேலே விற்ற வண்டி. இத்தனை லட்சம் வீட்டில் முதல் முதலாகக் கார் ஏறினவங்க எல்லாரும் டப்பாவிலா ஏறினாங்க?

மாமாவோட வண்டி 2006 மாடல், வெள்ளை நிறம். இப்போ 20 வயசு. என்னை விட ஆறு வயசு பெரிசு, அக்கான்னு கூப்பிடலாம்.

இதில் எனக்குப் பிடித்தது அதன் அளவு. மேற்கு மாம்பலத் தெருக்களைப் பார்த்தவர்களுக்குப் புரியும். இரண்டு பக்கமும் ஸ்கூட்டர், நடுவில் காய்கறி வண்டி, கோயில் பக்கம் போனால் பூக்கடை, எதிரே ஒரு மாடு. அயோத்தியா மண்டபம் பக்கம் சாயங்காலம் போய்ப் பாருங்கள். பெரிய கார்க்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே நிற்பார். மாமா வண்டி நழுவிப் போய்விடும். அகலம் ஒன்றரை மீட்டர்கூடக் கிடையாது. ஒரே ஒடியில் திரும்பும்.

அடுத்தது ரிப்பேர். புது கார்களின் பானெட்டைத் திறந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. இதில் திறந்தவுடனே எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கையும் உள்ளே போகும். கிளட்ச் கேபிள் அறுந்தால் மாமா ஒரு டீ ஆறுவதற்குள் மாற்றிவிடுவார். (டீ கொஞ்சம் பெரிய டீ.) புது சாமான் வேண்டும் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய சாமான் என்றால் புதுப்பேட்டை. கதவுக் கைப்பிடி உடைந்தபோது நானே மாமாவோடு புதுப்பேட்டை போனேன். ஒரு கடையில் கதவு கதவாக அடுக்கி வைத்திருந்தார்கள், காரே இல்லாமல் கதவு மட்டும் மலை மாதிரி. நூற்றைம்பது ரூபாயில் வேலை முடிந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டர் வாசலை மிதிக்காமலேயே ஒரு கார் 20 வருஷம் ஓடியிருக்கிறது. சம்பளம் குறைவாக வாங்குகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பெட்ரோலும் அதிகம் கேட்காது. ஏ.சி. போடாமல் ஓட்டினால் டவுனுக்குள் லிட்டருக்கு 15, 16 கிலோமீட்டர் வருகிறது என்று மாமா கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஏ.சி. போட்டால்? அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். 37 குதிரைத்திறன் எஞ்சின். ஏ.சி. பட்டனை அமுக்கினால் அதில் சில குதிரைகள் படுத்துவிடும். மேம்பாலம் ஏறும்போது மாமா ஏ.சி.யை ஆஃப் பண்ணுவார், இறங்கும்போது ஆன் பண்ணுவார். பின்னால் ஐந்தாவது ஆளாக நான் உட்கார்ந்தால், "நீ வேணா இறங்கி நடந்து வாடி"ன்னு கிண்டல் வேறு.

பவர் ஸ்டியரிங் கிடையாது. நிற்கிற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்ப நான் முயற்சி செய்தேன், தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். வெயில் காலத்தில் டிராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் மேலேயே கண் இருக்க வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை என்று கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும், அந்தச் செலவு கிளட்ச் கேபிள் செலவு மாதிரி கிடையாது.

இன்னொரு குறையை யாரும் எழுத மாட்டார்கள். சீட் ரொம்பத் தாழ்வு. எங்க ஆயாவுக்கு முட்டி வலி. மாசம் இரண்டு தடவை மேற்கு மாம்பலத்துக்கு பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டும். பஸ் படி ஏற முடியாது. எங்க ஊர் குன்றத்தூர் பக்கம், அங்கிருந்து வாடகைக் கார் வைத்தால் போக வர ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. இந்த வண்டியில் என்றால் பெட்ரோல் முந்நூறுக்குள் முடிந்துவிடும். அப்பா வாங்க நினைத்ததே இதற்காகத்தான். ஆனால் ஆயா வண்டிக்குள் உட்காருவது சுலபம், பொத்துன்னு விழுந்துவிடும். எழுந்திருக்கத்தான் முடியாது. நானும் அம்மாவும் ஆளுக்கொரு கை பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லித் தூக்கணும். ஆயா ஒவ்வொரு தடவையும் "இது காரா, கெணறா"ன்னு கேட்கும்.

மழைத் தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். மழை பெய்தால் துரைசாமி சுரங்கப்பாதையும் அரங்கநாதன் சுரங்கப்பாதையும் என்ன ஆகும் என்று மாம்பலத்துக்காரர்களிடம் கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மாமா தெருவில் தண்ணீர் நின்று, இந்த வண்டியின் சீட் வரைக்கும் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் வடிந்ததும் தன் காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். எஞ்சினுக்குள் இருந்த தண்ணீர் அழுத்த முடியாமல் உள்ளே உடைந்து போனது. மாமா சாவியையே தொடவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றி, ஆயில் மாற்றி, பிளக்கைக் கழற்றி தண்ணீரை வெளியேற்றி, ஐந்தாவது நாள்தான் ஸ்டார்ட் செய்தார். ஓடியது! அன்னைக்கு அத்தை சூடம் ஏற்றினார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கால் மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் தகரத்தில் துரு. ஒரு இடத்தில் விரல் போகிற ஓட்டை, ரோடு தெரிகிறது. மாமா தகடு வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார்.

இப்போது விற்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2006 வண்டியின் ரப்பர் பைப்புகள் அதற்காகச் செய்தவை இல்லை. அதனால் பெட்ரோல் பைப்பையும் மாமா புதிதாக மாற்றியிருக்கிறார்.

இதெல்லாம் செலவு, சிரமம். என்னை உண்மையாகவே பயமுறுத்துவது வேறு.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரங்கநாதன் சுரங்கப்பாதைக்கு முன்னால் சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். பின்சீட்டில் நான், அத்தை, அத்தை மடியில் மூணு வயசு குட்டிப்பாப்பா. பின்னால் வந்த ஒரு பெரிய கார் பிரேக் அடித்து, கடைசியில் மெதுவாகத்தான் இடித்தது. மெதுவாக என்று நான் சொல்வது, நாம் சைக்கிளில் வேகமாகப் போகிற அளவு. அவ்வளவுக்கே எங்கள் டிக்கி எவர்சில்வர் சொம்பு மாதிரி உள்ளே போய்விட்டது. என் நெற்றி முன்சீட்டுக் கம்பியில் பட்டு இரண்டு தையல். பாப்பா மடியிலிருந்து கீழே விழுந்தாள். நல்லவேளை, அழுததோடு சரி. அந்தப் பெரிய காருக்கு பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

மாமா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "வெயிட் கம்மி, அதனாலதான் பெட்ரோல் கம்மியா குடிக்குது. வெயிட் கம்மி, அதனாலதான் இப்படி நசுங்குது. ரெண்டும் ஒண்ணுதாண்டி"ன்னு சொன்னார். இயக்கம் பாடத்தில் வேகம் சட்டென்று மாறுவதைப் படித்தபோது எனக்கு அந்தச் சிக்னல்தான் ஞாபகம் வந்தது. தோழிகள் தீப்பெட்டி என்று சொன்னதும் அதனால்தான் அவ்வளவு வலித்தது போல. சொன்னவளுக்கு அது தெரியாது.

2014 ஜனவரியில், மாருதி 800 நின்று போன அதே மாதம், குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சின்ன கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோத விட்டுச் சோதித்த முடிவை வெளியிட்டது. ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம். அதில் ஒன்று இதே கம்பெனியின் ஆல்டோ 800. மாருதி 800க்குப் பின்னால் வந்த காரே பூஜ்யம் என்றால், அதைவிடப் பழைய வண்டிக்கு என்ன சொல்வது? புது கார்களில் 2019 ஜூலையிலிருந்து டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம். இதில் ஏர்பேக்கும் கிடையாது, ஏ.பி.எஸ்.ஸும் கிடையாது.

ஆர்.சி. விஷயமும் இருக்கிறது. 15 வருஷம் முடிந்து 2021இல் மாமா புதுப்பித்தார். ஐந்து வருஷம் ஆகிவிட்டது, இந்த வருஷம் மறுபடியும். 15 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆக்கினார்கள். 20 வருஷம் தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் உயர்த்தினார்கள். அதோடு பசுமை வரி. மாமா எங்களுக்கு 40,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார், அதில் கால் பங்கு இதற்கே போய்விடும். பழைய வண்டி புகை விடுகிறது, அதனால் வசூல் செய்கிறார்கள். அது சரிதான். ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஆசைக்காகவா வைத்திருக்கிறார்கள், புதிது வாங்க முடியாமல்தானே என்று எனக்குத் தோன்றுகிறது. நாற்பதாயிரத்துக்குப் புது கார் யார் தருவார்கள்?

என் கருத்து என்ன என்று கேட்டால், அப்பா வாங்கலாம். ஆனால் எங்கே ஓட்டுவது, யாரை ஏற்றுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அப்பா குட்டியானை ஓட்டுகிறவர், நல்ல டிரைவர். ஆனால் அவருக்கு ஒரு ஆசை, அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறி வண்டலூரில் இருக்கிற பெரியத்தை வீட்டுக்கு எல்லாரையும் ஒரே நடையில் கூட்டிப் போகணும். அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் எப்படிப் போகும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல டிரைவர் முன்னாடி பார்த்து ஓட்டலாம். பின்னாடி வருகிறவனை என்ன செய்ய முடியும்?

இதை நான் வாயால் சொன்னால் "பெரிய மனுஷி வந்துட்டா"ன்னு அப்பா சிரிப்பார். அதனால் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து எழுதிக் கொடுத்தேன். பெரிய ரோட்டில் ஏறக் கூடாது. நாலு பேருக்கு மேல் கூடாது. பின்சீட்டு பெல்ட் இரண்டையும் மாமா சரி செய்து தர வேண்டும், எல்லாரும் போட வேண்டும். குழந்தையை மடியில் வைக்கக் கூடாது. மழையில் சுரங்கப்பாதை வேண்டாம்.

அப்பா நின்றுகொண்டே படித்தார். சிரிக்கவில்லை. "வண்டலூருக்கு?"ன்னு கேட்டார். "பஸ்ல போலாம்பா"ன்னு சொன்னேன். என் நெற்றித் தழும்பை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வருகிற சனிக்கிழமை ஆயாவுக்கு பிசியோதெரபி. மாமா வெள்ளிக்கிழமையே வண்டியைக் கொண்டுவந்து விடுகிறாராம். போரூர், வடபழனி வழியாகத்தான் போகிறோம். தூக்கிவிட ஆள் வேண்டும் என்பதால் நானும் போகிறேன்.

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி