அராஜகமா, ஸ்தாபனமா?

சுங்குவார்சத்திரத்திலோ ஒரகடத்திலோ தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்துவிட்டால், ஆலை முதலாளிகளின் வாயிலிருந்து முதலில் உதிரும் சொல் ‘அராஜகம்’. அந்த வசைச்சொல்லுக்குள் ஒரு தத்துவமே அடங்கியிருக்கிறது. சர்க்கார் வேண்டாம், முதலாளி வேண்டாம், மேலிருந்து கட்டளையிடும் கட்சியும் வேண்டாம். உழைப்பாளிகள் தாமாகவே கூடித் தம் காரியங்களை நடத்திக்கொள்வார்கள் என்பதே அராஜகவாதம். “சங்கம் எதற்கு? தலைவர் எதற்கு? நாங்களே போதாதா?” என்று அப்பகுதியின் இளந்தொழிலாளி ஒருவர் கேட்டால், நீங்கள் என்ன விடை சொல்வீர்கள்?

ஏளனம் விடையாகாது. எட்டு மணி நேர வேலைக்கான சிகாகோ கிளர்ச்சியை ஒட்டி, 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலேறிய மே தினத் தியாகிகள் நால்வரும் அராஜகவாதிகளே. 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தவர்களுள் ஒருவரான எம்.பி.டி. ஆச்சார்யா சென்னையிலே பிறந்தவர். பின்னர் அராஜகவாதியாகி, 1954இல் பம்பாயில் மறையும் வரை அக்கொள்கையிலேயே நின்றவர். அரசு என்பதே உலர்ந்து உதிரும் நாள் வரும் என்று நம் ஆசான்களும் சொன்னார்கள். போய்ச்சேர வேண்டிய ஊரில் சச்சரவில்லை, வழியிலேதான் வேறுபாடு. அந்த வழியை அனுபவம் என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எந்தச் சங்கமும் அறைகூவல் விடவில்லை; எந்தத் தலைவரும் முன்னே நிற்கவில்லை. அந்தப் பெண்கள் தாமாகவே திரண்டு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலை மூடப்பட்டது; 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறந்தது. விடுதிகளும் உணவுக் கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தானாக எழும் வெகுஜன சக்தி வீண் என்று இனி யார் சொல்ல முடியும்?

ஆனால், மறுநாள் என்ன? சாலையை மறிக்க ஓர் இரவு போதும். கூலி, வேலை நிரந்தரம், ஒப்பந்த முறை ஆகியவற்றைப் பற்றிப் பேரம் பேசப் பல ஆண்டுகள் நிலைத்து நிற்கும் அமைப்பு வேண்டும். அது இல்லாத இடத்தில் வாக்குறுதி தருவதும் நிர்வாகமே. அது நிறைவேறியதா என்று அளப்பதும் நிர்வாகமே.

இதனருகே சாம்சங் ஆலையை வைத்துப் பாருங்கள். 2024 செப்டம்பர் 9 முதல் ஏறக்குறைய 1,500 தொழிலாளர்கள் 37 நாட்கள் வேலை நிறுத்தம் செய்தனர். பந்தல் பிடுங்கப்பட்டது, கைதுகள் நடந்தன, அணி கலையவில்லை. சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் இருக்கக் கூடாது என்றது நிர்வாகம். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று.

அராஜகவாதி இங்கே குறுக்கிடுவார்: “ஒரு பதிவுச் சான்றுக்கு இத்தனை மாதங்கள்! சர்க்கார் யார் பக்கம் என்பது இதிலேயே விளங்கவில்லையா?” நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சான்று இல்லாதவரை “நீங்கள் யார்?” என்று நிர்வாகம் கேட்டுக்கொண்டே இருக்கும். எழுத்தில் ஏறாத உரிமை, ஷிப்டு மாறினால் மறைந்துவிடும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன; மே தினத்தன்று, மசோதா திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். சர்க்காரைக் கண்ணை மூடிக்கொண்டு இல்லையென்று சொல்வதால் அது இல்லாமற் போகாது. அணிதிரண்ட வர்க்கமே அதைப் பணிய வைக்கிறது.

“ஆலையைத் தொழிலாளரே எடுத்து நடத்தினால்?” 1936இல் பார்சிலோனா நகரின் டிராம் வண்டிகளை அராஜகவாதத் தொழிற்சங்கத்தார் திறம்பட ஓட்டிக் காட்டினர். அதே ஆண்டு நவம்பரில், பாசிஸ்டுப் படையை எதிர்த்து நிற்க, அவர்களின் தலைவர்கள் நால்வர் மந்திரிப் பதவி ஏற்கவும் நேர்ந்தது. டிராமுக்குத் தண்டவாளமும் பயணியும் அதே ஊரில் இருந்தனர். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்திய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலைக்கோ உதிரிப்பாகமும் தொழில்நுட்பமும் சந்தையும் கடல் கடந்து கிடந்தன. அத்தகைய ஆலையின் பூட்டை உடைத்தாலும், உள்ளே இருப்பது சங்கிலியின் ஒரு கண்ணி மட்டுமே. நாடுகள் தோறும் ஸ்தாபனமாக நிற்கும் மூலதனத்தைத் தனித்தனி ஆலைகள் வெல்லுமா?

ஆதலின், நம் விடை ஸ்தாபனமே. ஆனால் எத்தகைய ஸ்தாபனம்? அராஜகவாதி எழுப்பும் எச்சரிக்கையை இங்கேதான் காதில் வாங்க வேண்டும். உடன்பாட்டை உறுப்பினர் கூட்டம் படித்து ஏற்காமல், நாலு பேர் அறைக்குள் முடித்தால், அந்தச் சங்கம் இன்னொரு நிர்வாகமாகிவிடும். நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் கதவைத் திறந்து, வடமாநிலத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளியை வாசலிலே நிறுத்தினால், அது வர்க்கத்தின் சங்கமாகாது.

தோழர்களே! விடுதிகளுக்குச் செல்லுங்கள், பேருந்து நிற்கும் இடங்களில் நில்லுங்கள். அன்று நெடுஞ்சாலையை மறித்த கைகளுக்குக் கட்டளையிட அல்ல, அக்கைகளே பிடித்து நடத்தும் ஸ்தாபனத்தைக் கட்டிக் கொடுக்கச் செல்லுங்கள்!